பிக்-பிளாக் மேல் ஆர்பிஎம்மில் திணறினால்: பம்பா, லைனா, கார்புரேட்டரா?

454 கியூபிக் இன்ச், அதாவது 7.4 லிட்டர் ஷெவர்லே பிக்-பிளாக் (பெரிய வகை வி8 இன்ஜின்) வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. முதல் கியரில் சீறுகிறது. இரண்டாவதிலும் குறையில்லை. மூன்றாவதில் 5,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தாண்டிய கொஞ்ச நேரத்தில் இழுவை செத்துப்போகிறது. காலை எடுத்து நாலைந்து விநாடி கழித்து மறுபடி மிதித்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் எட்டாமல் போவதன் அடையாளம் இதுதான்.

இதைச் சரிசெய்யக் கிடைக்கும் வழிகள் நிறைய: பெரிய மெக்கானிக்கல் பம்ப், பின்னால் எலக்ட்ரிக் பம்ப், தடிமனான லைன் (பெட்ரோல் குழாய்), பெரிய நீடில்-சீட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விடும் ஊசி வால்வு), டேங்குக்குள்ளேயே பம்ப். எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் வாங்குவது பம்ப். என் கருத்தில் பம்ப் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது. பழைய அமெரிக்க கார்களில் குறை பெரும்பாலும் பம்புக்கு முன்னால், டேங்குக்கும் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறது. அங்கே அடைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் அது உறிஞ்ச முடியாததை மேலே தள்ளவும் முடியாது.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். கார்புரேட்டர் வி8 இன்ஜின் முழு த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்த நிலையில்) ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை பவுண்டு, அதாவது 227 கிராம் பெட்ரோல் எரிக்கும். 1970 ஷெவெல் காரின் எல்எஸ்6 என்ற 454 இன்ஜினுக்கு ஷெவர்லே அறிவித்த சக்தி 5,600 ஆர்பிஎம்மில் 450 குதிரைத்திறன். அதற்கு மணிக்கு சுமார் 138 லிட்டர் வேண்டும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்) எல்லாம் மாற்றி 500-ஐத் தொட்ட இன்ஜின் என்றால் மணிக்கு 153 லிட்டர், நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர்.

இப்போது பம்ப் பெட்டியைப் பாருங்கள். ஹோலி நிறுவனத்தின் ரெட் எலக்ட்ரிக் பம்பில் மணிக்கு 97 கேலன், புளூ பம்பில் 110 கேலன் என்று இருக்கும். லிட்டரில் முறையே 367, 416. தேவையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு ஏன் பற்றாமல் போகிறது? அந்த எண் எதிர்ப்பே இல்லாமல் திறந்த குழாயில் ஓடவிட்டால் வருவது. நிஜக் காரில் உறிஞ்சும் பக்கம் ஒரு தடை, தள்ளும் பக்கம் ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்தும் சாதனம்), ஃபில்டர், நீடில்-சீட் என்று வரிசையாகத் தடை. பெட்டியில் உள்ள எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பெட்ரோல்தான் காரணமா?

எந்த வழியையும் ஒப்பிடுவதற்கு முன் இதை உறுதிசெய்ய வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங் வர வேறு இரண்டு காரணங்கள் உண்டு. வால்வு ஸ்ப்ரிங் சோர்ந்திருந்தால், எந்த கியராக இருந்தாலும் அதே ஆர்பிஎம் வந்த நொடியே இன்ஜின் முட்டி நிற்கும். பாயின்ட் இக்னிஷனில் (தொடுமுனைகள் திறந்து மூடித் தீப்பொறி தரும் பழைய முறை) பாயின்ட் துள்ள ஆரம்பித்தாலும் அப்படித்தான். பெட்ரோல் குறைவு அப்படி வராது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலில் இருப்பது தீரும்வரை இன்ஜின் நன்றாக ஓடும், தீர்ந்த பிறகுதான் விழும். அதனால் அது ஆர்பிஎம்மைவிட நேரத்தைப் பொறுத்தது. முதல் கியரில் 6,000 வரை சுத்தமாக ஏறி, மூன்றாவதில் 5,000-க்கு மேல் தாக்குப்பிடிக்காமல் விழுந்தால், சந்தேகம் பெட்ரோல் மேல்தான். குவாட்ராஜெட் கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டரை அழுத்திய உடனே ஒரு தொய்வு வந்து பிறகு தெளிந்தால், அது மேலே உள்ள காற்றுக் கதவு சீக்கிரம் திறப்பதால் வருவது. அது வேறு கதை.

உறுதிசெய்ய ஒரே நம்பகமான வழி பிரஷர் கேஜ். கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, நல்ல ஹோஸில் கேஜை வெளியே கொண்டுவந்து, பானெட்டுக்கு மேல் கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். பெட்ரோல் ஹோஸை ஒருபோதும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனில் கேஜையும் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரையும் சேர்த்து வீடியோ எடுத்தால் போதும். இதைப் பொதுச் சாலையில் செய்யாதீர்கள். அமெரிக்காவில் டிராக் ஸ்ட்ரிப்களில் (நேர்கோட்டுப் பந்தயப் பாதைகளில்) யாரும் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒதுக்கிய மாலைகள் உண்டு, அங்கே செய்யுங்கள்.

நண்பர் ஒருவரின் ஷெவெலில் இப்படிப் பார்த்தபோது முள் நகர்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐடிலில் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும்போது) ஆறரை பிஎஸ்ஐ (அழுத்த அலகு, சதுர அங்குலத்துக்கு பவுண்டு). முதல் கியரின் முடிவில் ஐந்தரை. இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் மெல்ல மெல்ல இறங்கி இரண்டு, பிறகு ஒன்று. முள் ஒன்றைத் தொட்ட பிறகும் இன்ஜின் ஒரு விநாடி இழுத்தது, அதற்கப்புறம்தான் அடங்கியது. அந்த ஒரு விநாடி பவுலில் மிச்சமிருந்த பெட்ரோல். காலை எடுத்ததும் முள் மேலே ஏறி ஆறரையில் போய் நின்றது. வரத்து போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

முள் விழாமல் ஐந்து, ஆறிலேயே நின்று, இன்ஜின் மட்டும் சாகிறது என்றால், பெட்ரோல் கார்புரேட்டர் வாசல்வரை வந்துவிட்டது. குறை கார்புரேட்டருக்குள், அல்லது பெட்ரோலே காரணம் இல்லை. இந்த ஒரு பரிசோதனை வழிகளின் பட்டியலைப் பாதியாக வெட்டிவிடும். இதைச் செய்யாமல் நூற்றுக்கணக்கான டாலருக்குச் சாமான் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது. பணம் போவதற்காக மட்டும் இல்லை. முழு த்ராட்டிலில் பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடும் இன்ஜின் டெட்டனேஷனில் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதில்) போய் பிஸ்டனை உருக்கிவிடும். எல்எஸ்6-இன் கம்ப்ரெஷன் (கலவையை இறுக்கும் விகிதம்) 11.25-க்கு 1. அந்த மாதிரி இன்ஜினில் "கொஞ்சம் திணறுது, பரவாயில்லை" என்று ஒரு சீசன் ஓட்டுவது ஆபத்து.

உறிஞ்சும் பக்கம்

மெக்கானிக்கல் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி தானாகப் புரியும். கேம்ஷாஃப்டில் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு) ஒரு சின்ன புஷ்ராடைத் தள்ள, அது பம்பின் நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் செய்வது டயாஃப்ரத்தை (சவ்வை) இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சுவது மட்டும்தான். வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங். அதனால் வெளிவரும் பிரஷரை ஸ்ப்ரிங் தீர்மானிக்கிறது. எவ்வளவு வரும் என்பதை உறிஞ்சல் தீர்மானிக்கிறது. 6,000 ஆர்பிஎம்மில் கேம் 3,000 சுற்று சுற்றும், பம்ப் விநாடிக்கு 50 முறை அடிக்கும். 500 குதிரைத்திறனுக்கு ஒவ்வொரு அடியிலும் 0.85 மில்லிலிட்டர் வர வேண்டும். ஒரு அடிக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. உறிஞ்சுவதற்கு அதிலும் பாதிதான்.

உறிஞ்சுவதற்கு ஓர் இயற்கையான உச்சவரம்பு இருக்கிறது. அடர்த்தியான மோரை மெல்லிய ஸ்ட்ராவில் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் ஓர் அளவுக்கு மேல் வராது, கன்னம்தான் ஒட்டிப்போகும். பெட்ரோலில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது கொதித்துவிடும். காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அமெரிக்காவில் கோடைக்கால பெட்ரோலின் ஆவி அழுத்தத்துக்கான பொது வரம்பு 37.8 டிகிரி செல்சியஸில் 9 பிஎஸ்ஐ. 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு இன்னொரு 1 பிஎஸ்ஐ சலுகை உண்டு. அதாவது அந்த வெப்பத்தில் லைனுக்குள் அழுத்தம் 10-க்குக் கீழே போனால் பெட்ரோல் குமிழி விட ஆரம்பிக்கும். நமக்குச் செலவழிக்கக் கிடைப்பது மொத்தம் ஐந்து பிஎஸ்ஐக்கும் குறைவு. ஹெடர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் லைனில் பெட்ரோல் 50 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கையிருப்பும் பெரும்பகுதி கரைந்துவிடும். குளிர்காலத்துக்குக் கலந்த பெட்ரோலின் ஆவி அழுத்தம் இதைவிட அதிகம். அதனால் மார்ச், ஏப்ரலில் திடீரென வெயில் அடிக்கும் நாளில், கோடையில் ஓடிய கார்கூடத் திணறும்.

அந்த ஐந்தை எதெது தின்கிறது? முதலில் லைன். பிக்-பிளாக் ஷெவெல்களுக்கு 3/8 அங்குல லைன் வந்தது. ஆனால் இன்று 454 இருக்கும் கார்களில் பல, சின்ன இன்ஜினோடு 5/16 அங்குல லைனில் பிறந்தவை. இன்ஜின் மாறியிருக்கும், லைன் மாறியிருக்காது. நான்கு மீட்டர் நீளத்துக்கு நிமிடம் இரண்டரை லிட்டர் ஓடினால், என் கணக்கில் 3/8 லைனில் ஏறத்தாழ 0.6 பிஎஸ்ஐ இழப்பு, 5/16-இல் 1.6. பார்க்கச் சின்ன வித்தியாசம். உள்விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிறது. அரை அங்குல லைனில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும்.

அடுத்தது கார் பாயும் வேகம். பின்னால் டேங்க், முன்னால் பம்ப். கார் முன்னே பாயும்போது லைனில் உள்ள பெட்ரோல் பின்னுக்கு நிற்கப் பார்க்கும். 3 மீட்டர் லைன், அரை 'ஜி' (புவியீர்ப்பில் பாதி) முடுக்கம் என்றால் அதற்கே 1.6 பிஎஸ்ஐ போகிறது. பிடிப்புள்ள டயர் போட்டு முழு 'ஜி'யில் கிளம்பும் காரில் மூன்றுக்கு மேல். அதனால் திணறல் எங்கே வருகிறது என்பது முக்கியம். கிளம்பிய வேகத்தில் முதல், இரண்டாவது கியரிலேயே விழுந்தால் முடுக்கத்தின் வேலை. மூன்றாவது கியரின் கடைசியில் விழுந்தால், அங்கே முடுக்கம் குறைவு, தொடர்ந்து ஓடும் அளவு போதவில்லை என்று பொருள். முன்னதற்கு எலக்ட்ரிக் பம்ப்தான் நல்ல பதில். பின்னதற்குப் பல சமயம் லைனும் ஃபில்டரும் சரியானாலே போதும்.

அப்புறம் சில்லறைச் சாமான்கள். டேங்குக்குள் பெட்ரோலை எடுக்கும் பிக்கப் குழாயின் நுனியில் இருக்கும் வலை உறை துருப்பொடியில் அடைத்திருக்கும். டேங்கையும் இரும்பு லைனையும் இணைக்கும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ், வெளியே பார்க்க நன்றாக இருந்தும், எத்தனாலில் ஊறி உள்ளே உரிந்து, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு தந்திரமான குறை உண்டு: அந்த ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. பம்புக்குச் சற்று முன்னால் ஒரு துண்டு ஒளிபுகும் பெட்ரோல் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பரிசோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.

டேங்க் மூடியையும் மறந்துவிட வேண்டாம். பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் அமைப்பு 1970-இல் கலிஃபோர்னியாவிலும் 1971-இல் நாடு முழுக்கவும் வந்தது. அதற்குப் பின் வந்த கார்களின் மூடியில் காற்றுத் துளை இல்லை, காற்றுக்குத் தனி வழி இருந்தது. அந்த மூடியை முந்தைய வருடத்து டேங்கில் மாட்டிவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகலாம். மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. டேங்க் நிரம்பியிருந்தால் குறை வராமல், கால் டேங்கில் மட்டும் வருகிறது என்றால், பாயும்போது பெட்ரோல் பின்னுக்கு ஓடி பிக்கப் வெளியே தெரிகிறது. அதற்கு டேங்க் அடியில் சம்ப் (பெட்ரோல் தேங்கும் சிறு குழி) வைப்பதுதான் தீர்வு, பம்ப் இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். செலவு சில பத்து டாலர். புது லைன் வளைப்பதென்றால் கொஞ்சம் கூடும், ஒரு வாரக் கடைசி போகும். பம்ப் வாசலில் ஒரு வெற்றிட கேஜ் வைத்து, முழு த்ராட்டிலில் மெர்குரி 3 அங்குலத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பேன். தாண்டினால் லைனை விட்டு நகர மாட்டேன்.

பெரிய மெக்கானிக்கல் பம்ப்

450 முதல் 550 குதிரைத்திறன் வரை, பெரும்பாலும் சாலையில் ஓடும் காருக்கு நான் இதைத்தான் சொல்வேன். சத்தம் இல்லை, வயரிங் இல்லை, இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். விபத்தில் இது பெரிய பாதுகாப்பு. நல்ல பம்பில் உள்வாசல் திருகு பெரியதாக இருக்கும். வாங்கும்போது குதிரைத்திறன் எண்ணைவிட இதைப் பாருங்கள். அரை அங்குல லைனைக் கொண்டுவந்து சின்ன வாசலில் திணித்தால் செய்த வேலை வீண்.

பம்பைக் கழற்றும்போது புஷ்ராடையும் எடுத்து அளந்துவிடுங்கள். ஷெவர்லே வி8-இல் புது ராட் 5.75 அங்குலம். தேய்ந்து குறுகியிருந்தால் பம்ப் அடிக்கும் நீளமும் குறையும், புதுப் பம்ப் போட்டாலும் பழைய வரத்துதான் வரும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது.

குறைகளும் இருக்கின்றன. பம்ப் பிளாக்கின் முன்பக்கத்தில் தாழ்வாக, ஹெடருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சூடு நேராகத் தாக்கும். ஒரு தகடு வைத்து மறைக்கலாம். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே, மூன்றாவது வாசல் உள்ள ஃபில்டர் போட்டு, கால் அங்குல லைனில் கொஞ்சம் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பினால் குமிழியும் போகும், பம்பும் குளிரும். ஏர்கண்டிஷனர் வைத்த கார்கள் சிலவற்றில் அன்றே தொழிற்சாலையில் இப்படிச் செய்தார்கள். ஆனால் முழு 'ஜி'யில் கிளம்பும் காரில், எவ்வளவு நல்ல மெக்கானிக்கல் பம்பும் முன்னால் உட்கார்ந்துதான் இழுத்தாக வேண்டும். அதை மாற்ற முடியாது.

பின்னால் எலக்ட்ரிக் பம்ப்

டேங்குக்குப் பக்கத்தில், அதன் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழாகவோ பம்ப் இருந்தால், நீண்ட லைன் முழுவதும் தள்ளும் பக்கமாகிவிடும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. முடுக்கம் தின்னும் மூன்று பிஎஸ்ஐயையும் பம்ப் ஈடுகட்டும். 600 குதிரைத்திறனுக்கு மேல், அல்லது ஸ்ட்ரிப்பில் அடிக்கடி ஓடும் காருக்கு இதுதான் வழி. இதை இன்ஜின் அறையில் முன்னால் மாட்டினால் எந்தப் பயனும் இல்லை. இந்த பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம்.

ஹோலி ரெட், புளூ இரண்டில் எது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரெட்டின் பிரஷர் 7 பிஎஸ்ஐயில் தானே நின்றுவிடும், ரெகுலேட்டர் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் முடுக்கமும் லைனும் அதிலிருந்து மூன்று, நான்கைத் தின்றுவிட்டால் கார்புரேட்டருக்கு மிச்சம் கொஞ்சம்தான். புளூ 14 பிஎஸ்ஐ தரும், கார்புரேட்டருக்கு முன் ரெகுலேட்டர் கட்டாயம். அந்தக் கூடுதல் அழுத்தம்தான் லைன் இழப்பைத் தாங்கும். பிக்-பிளாக்குக்கு ரெட் போதாது என்பதே என் முடிவு.

ரெகுலேட்டரில் இரண்டு வகை. ஒன்று வரத்தை அடைத்துப் பிரஷரைக் குறைப்பது. இன்னொன்று மிச்சத்தை டேங்குக்குத் திருப்புவது. முதலாவது மலிவு, ஒரே லைன் போதும். ஆனால் ஐடிலில் பெட்ரோல் லைனில் தேங்கிச் சூடாகும், திடீரென்று த்ராட்டில் திறக்கும்போது பிரஷர் ஒரு கணம் தொய்யும். திருப்பி அனுப்பும் வகைக்கு இன்னொரு லைன் வேண்டும், டேங்கில் இன்னொரு வாசல் வேண்டும், ஆனால் பெட்ரோல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும், பிரஷரும் அசையாது. எலக்ட்ரிக் என்று முடிவெடுத்துவிட்டால் இந்த இரண்டாவது வகைக்கே போங்கள். பாதி வழியில் நிற்பதற்குப் பதில் நல்ல மெக்கானிக்கல் பம்பே மேல்.

வயரிங்கில் சிக்கனம் கூடாது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் பம்புவரை போக வேண்டும். எர்த்தும் அதே தடிமன். இன்ஜின் ஓடும்போது பம்பின் முனையில் வோல்டேஜை அளந்தால் 13-க்கு மேல் இருக்க வேண்டும். 11, 12 என்று காட்டினால் நல்ல பம்பும் நோஞ்சானாகிவிடும். ஆயில் பிரஷர் ஸ்விட்சும், மோதலில் பம்பை நிறுத்தும் ஸ்விட்சும் இல்லாமல் எலக்ட்ரிக் பம்ப் மாட்ட வேண்டாம். இன்ஜின் நின்ற பிறகும், பிய்ந்துபோன லைனில் நிமிடத்துக்கு ஏழு லிட்டர்வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கக்கூடிய சாமான் இது.

சிலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்: பின்னால் சின்ன எலக்ட்ரிக், முன்னால் பழைய மெக்கானிக்கல். இது வேலை செய்யும், செலவும் குறைவு. ஆனால் மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் எலக்ட்ரிக் பம்ப் பெட்ரோலை நேராக ஆயில் சம்புக்குள் தள்ளும். பேரிங் போகும், தீயும் பிடிக்கலாம். எனக்கு இந்த வழி பிடிக்காது.

டேங்குக்குள் மூழ்கிய இஎஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு) பம்ப் சத்தமில்லாதது, குளிர்ச்சியானது, நெடுநாள் உழைக்கும். அதற்கான புது டேங்கோடு வாங்கினால் செலவு சில நூறு டாலரைத் தாண்டி எகிறும். பின்னாளில் இஎஃப்ஐக்கு மாறும் எண்ணம் இருந்தால் இன்றே இதைச் செய்துவிடலாம். இல்லையென்றால் தேவையில்லை.

கார்புரேட்டருக்குள்

கேஜ் முள் ஐந்து, ஆறில் உறுதியாக நின்றும் பவுல் காலியாகிறது என்றால் மட்டும் இங்கே வாருங்கள். ஹோலி கார்புரேட்டரில் வழக்கமான நீடில்-சீட் 0.097 அங்குலம், அடுத்த பெரியது 0.110. துளையின் பரப்பு 29 சதவீதம் கூடும். சில பத்து டாலர் வேலை, பவுலைக்கூடக் கழற்ற வேண்டாம், மேலிருந்தே மாற்றலாம். ஒரு பக்கம் மட்டும் பெட்ரோல் நுழைந்து, மெல்லிய குழாய் வழியாகப் பின் பவுலுக்குப் போகும் மாடலாக இருந்தால், இரண்டு பவுலுக்கும் தனித்தனி வாசல் உள்ள மாடலுக்கு மாறுவதும் நல்லது. பின் பவுல்தான் முதலில் வற்றும்.

வரத்துக் குறையைப் பெரிய சீட்டால் மறைக்க முடியாது. துளை வழியே போகும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிரஷர் 6-இலிருந்து 3-க்கு விழுந்தால் ஓட்டம் 29 சதவீதம் குறையும். பெரிய சீட் போட்டாலும் பழைய அளவைக்கூட எட்டாது. மேலும் பெரிய துளையை மூட ஃப்ளோட்டுக்குக் கூடுதல் பலம் வேண்டும். ஐடிலில் பிரஷர் 7-ஐத் தாண்டினால் நீடில் தூக்கிக்கொண்டு பெட்ரோல் வழியும். எடல்பிராக் கார்புரேட்டர் இதில் இன்னும் மென்மையானது, ஐந்தரைக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. குவாட்ராஜெட்டின் பவுல் சிறியது. உள்வாசலில் இருக்கும் சின்ன ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெகுலேட்டர் ஸ்க்ரூவை இறுக்கி 9, 10 பிஎஸ்ஐ கொடுத்து ஓட்டுபவர்கள் உண்டு. மேல் ஆர்பிஎம்மில் ஓடும்போது சரியாகத் தெரியும், ட்ராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜின் பெட்ரோலில் மூழ்கும்.

இன்னும் பெரிய கார்புரேட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதற்கும் அதே லைனில்தான் பெட்ரோல் வர வேண்டும்.

எந்தக் காருக்கு எது

கார் சாலையில் ஓடுவது, 500 குதிரைத்திறன் சுற்றுவட்டாரம், திணறல் மூன்றாவது கியரின் கடைசியில் மட்டும் என்றால்: டேங்கில் புது பிக்கப், பம்புவரை அரை அங்குல லைன், பெரிய வாசல் உள்ள மெக்கானிக்கல் பம்ப், அங்கிருந்து கார்புரேட்டர்வரை 3/8. லைனும் பிக்கப்பும் முடிந்ததும் பழைய பம்போடு ஒரு முறை கேஜ் வைத்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது கியர் முடிவில் நான்குக்குக் கீழே போகாவிட்டால் பம்ப் வாங்கும் பணம் மிச்சம். மேலே சொன்ன நண்பரின் காரில் அப்படித்தான் ஆயிற்று. அதில் இருந்தது 5/16 லைன்.

ஒட்டும் டயர், ஸ்ட்ரிப், கிளம்பும்போதே விழும் பிரஷர் என்றால் நேராகப் பின்பக்க எலக்ட்ரிக், திருப்பி அனுப்பும் ரெகுலேட்டர். நைட்ரஸ் (கூடுதல் சக்திக்காக இன்ஜினில் செலுத்தும் வாயு) வைத்திருந்தால் அதன் பெட்ரோலுக்குத் தனி பம்ப், தனி லைன் என்று பிரித்துவிடுங்கள். அது ஒரே லைனில் பங்கு கேட்டால் கார்புரேட்டர் தோற்றுப்போகும். டாட்ஜ் 440, ஃபோர்டு 460 வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், பம்ப் மாட்டும் இடம்தான் வேறு.

வரத்து சரியான பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. திணறலைச் சமாளிக்க முன்பு யாராவது பெரிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டிருப்பார்கள். பெட்ரோல் முழுசாக வர ஆரம்பித்ததும் அந்த ஜெட் அதிகமாகிவிடும், பிளக் கருக்கும், ஆயிலில் பெட்ரோல் இறங்கும். பிரஷர் மாறியதால் ஃப்ளோட் மட்டமும் மாறியிருக்கும்; அதை முதலில் சரிசெய்யுங்கள். ஹோலியில் பவுலின் பக்கவாட்டுத் துளையின் அடி விளிம்பைப் பெட்ரோல் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்தத் துளையைத் திறக்காதீர்கள். பிறகு புது பிளக் போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து ஓரம்கட்டிப் பிளக்கைப் பாருங்கள். ஸ்ட்ரிப்பின் நிறுத்தும் பாதையில் மட்டும் இதைச் செய்யலாம்; அணைத்ததும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். கருப்பாக இருந்தால் ஜெட்டை இரண்டு எண் இறக்கி மறுபடி ஓட்டுங்கள், நான்கு மூலைக்கும் ஒரேயடியாக இறக்காமல் முதலில் முன் இரண்டுக்கு, அப்புறம் பின் இரண்டுக்கு.